ஆறப்போடக் கூடாத ரத்தம்

என் வேலையைத் தமிழில் சொல்வதில் ஒரு வம்பு இருக்கிறது. நோய் எதிர்ப்பு அணுக்களுக்குள் செய்தி கொண்டுபோகும் சில கொழுப்புகள் உண்டு. இருக்கின்றனவா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குச் சொற்பமானவை. அவற்றை அளப்பதுதான் என் வேலை. இதை உத்திரமேரூர்ப் பக்கம் எங்கள் காலனியில் போய்ச் சொல்லிப் பாருங்கள். "இன்னாது, கொயுப்பு அளக்கறியா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை சிரிப்பார்கள்.

எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கும் உடம்புக்கும் சம்பந்தம் குறைவு. களத்தில் வேலை நடக்கும்போது கொஞ்சம் நிழலில் உட்கார்ந்தால் கொழுப்பு. ஊர்த் தெருவில் செருப்போடு நடந்தால் கொழுப்பு. பெண்பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பினால் கொழுப்பு தலைக்கு ஏறிப்போச்சு. நாங்கள் எலும்பும் தோலுமாக இருந்த காலத்திலும் எங்களுக்கு அது இல்லை என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. ஊரார் எங்களிடம் கண்டுபிடித்ததையே படித்து நான் டாக்டர் பட்டம் வாங்கினேன் என்று தம்பி சொல்வான்.

என் வேலையைப் பற்றிய பேச்சை ஏரியா முழுக்கப் பரப்பினவனும் அவன்தான். நெல் அறுக்கும் வண்டி ஓட்டினான். அறுப்புக் காலத்தில் எங்கள் பக்கத்திலிருந்து தென்னேரி வரைக்கும் போவான். போகிற இடமெல்லாம், "எங்க அக்காவாண்ட போங்க, மிஷின்ல வெச்சி யாருக்கு எவ்ளோ கொயுப்பு கீதுன்னு கரெக்டா சொல்லிடும்" என்று என்னை விற்றுக்கொண்டிருந்தான். வண்டிக்குச் சொந்தக்காரர் ஊர்க்காரர். இருமல் தாங்கவில்லை, தூசு இல்லாத வேலையாக நாலு நாள் கொடுங்கள் என்று இவன் கேட்டபோது அவர் சொன்ன பதிலும் அதே சொல்தான். அன்றைக்குப் போனில் சிரித்துக்கொண்டே சொன்னான்: "யக்கா, என்னுத அளந்து ஒரு பேப்பர்ல எய்திக் குடு. கம்மியா கீதுன்னு காட்டி லீவு வாங்கிக்கிறேன்."

நானும் சிரித்தேன். ஆனால் அவனுடைய இருமல் எனக்குப் பிடிக்கவில்லை.

சின்ன வயதிலிருந்தே அவன் நோஞ்சான். காதில் சீழ், மாறி மாறிச் சளி, மழைக்காலம் வந்தால் நெஞ்சுக் கபம். கழுத்தில் நெறி கட்டும், அடங்கும், மறுபடி கட்டும். வளர்ந்த பிறகு அடங்குவது நின்றுபோனது. டிபி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். முழுசாகச் சாப்பிட்டான். நெறி கரையவில்லை. வேறொரு இடத்தில் மறுபடி டிபி என்றே சொல்லி மறுபடி கொடுத்தார்கள். பெண் வீட்டார் பார்க்க வந்த அன்று அம்மா அவன் கழுத்தில் துண்டைச் சுற்றிவிட்டாள். நல்ல வெயிலில் துண்டோடு உட்கார்ந்து வியர்த்துக் கொட்டினான். அந்தச் சம்பந்தம் கூடிவரவில்லை. துண்டைப் பார்த்தே பயந்திருப்பார்கள் என்று அம்மாவைக் கிண்டல் செய்தான். அம்மா சிரிக்கவில்லை.

இங்கே என் வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கிருமியைக் கண்டதும் வெள்ளை அணு தன் மேல்தோலின் உட்பக்கத்தில் உள்ள ஒரு கொழுப்பைச் சற்றே மாற்றுகிறது. 'எழுந்திரு, வேலை வந்திருக்கிறது' என்று அணுவுக்குள் செய்தி போவது அப்படித்தான். காரியம் முடிந்ததும் அது பழையபடி ஆகிவிடும். மேஸ்திரி விடியற்காலையில் தெருமுனையில் நின்று ஆள் கூப்பிடுகிற மாதிரி. கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டால் சரி. பகலும் இரவும் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் ஆள் ஓடி ஓடியே விழுந்துவிடுவான். சிலருக்குப் பிறவியிலேயே அந்தக் கூப்பாடு ஓய்வதில்லை. அவர்களுடைய அணுக்கள் சும்மா இருக்கும்போதும் உழைத்து உழைத்துச் சீக்கிரம் கிழடு தட்டிவிடும். நிஜமான கிருமி வரும்போது கையாலாகாமல் நிற்கும். அவர்களுக்குக் கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டும், நெஞ்சில் சளி தீராது. பார்க்கிறவர்கள் டிபி என்றுதான் நினைப்பார்கள்.

என் தம்பிக்கு இருப்பது அதுதான் என்று எனக்குத் தோன்றியது. தோன்றினால் போதாது. நான் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரைப் பிடித்து, அவர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "இருக்கலாம். ஆனால் நீங்கள் அக்கா, உங்கள் சந்தேகத்தை வைத்து டிபி மருந்தை நிறுத்த முடியாது. உங்கள் ஆய்வகத்திலேயே அவருடைய அணுக்களில் அந்தக் கொழுப்பு அதிகம் என்று காட்டுங்கள். காட்டினால் ஜீன் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு அன்றைக்கே வைத்தியத்தை மாற்றுகிறேன்" என்றார். நியாயமான பேச்சு. என் தம்பி பிழைப்பது ஒரு அளவில் வந்து நின்றது, அந்த அளவை எடுப்பது எப்படி என்று படித்தவள் நான். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் எனக்கு ஒரே சந்தோஷம். 

அந்தக் கொழுப்பை அளப்பது பேஜார் பிடித்த வேலை. விரல் நுனியின் பிசுக்குக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. சோப்பு சரியாகப் போகாத கண்ணாடிக் குப்பி அதை மூழ்கடித்துவிடும். நல்ல குப்பியாக இருந்தால் சுவரில் ஒட்டிக்கொண்டு வெளியே வராது. எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, வெள்ளை அணுக்கள் தொட்டாற்சிணுங்கிகள். குலுக்கினாலும் சூடு பட்டாலும் கிருமிதான் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு எழுந்துவிடும். எழுந்த அணுவில் கொழுப்பு ஏறியிருக்கும். ஆகவே ரத்தம் எடுத்ததும் குளிர்ச்சியில், அசங்காமல் கொண்டுவந்து, அணுக்களைப் பிரித்து, அமிலத்தில் போட்டு அப்படியே நிறுத்த வேண்டும். பிறகுதான் மாஸ் ஸ்பெக் என்று நாங்கள் சொல்லும் எடை பிரித்துப் பார்க்கும் இயந்திரத்துக்கு வேலை.

தம்பியே ஆய்வகத்துக்கு வந்திருந்தால் எந்த வம்பும் இல்லை. செங்கல்பட்டில் ஒரு பஸ் மாறி வந்தால் போதும். கூப்பிட்டேன். சொர்ணவாரிப் பட்டத்து அறுப்பு முடியட்டும் என்றான். அறுப்பு முடிந்ததும் ஜுரத்தில் படுத்தான். ஜுரம் விட்டதும் மழை பிடித்துக்கொண்டது. மூச்சுவிட முடியாமல் உத்திரமேரூரிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே இருந்த டாக்டர் இளம்பெண், நல்ல மாதிரி. ரத்தம் எடுத்துக் கொடுக்கச் சம்மதித்தாள். எங்கள் ஆய்வகத்துக் காரில் ஐஸ் பெட்டி அனுப்புவது, கார் வாசலில் வந்து நின்ற பிறகு ரத்தம் எடுப்பது, நான் இங்கே எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு காத்திருப்பது என்று ஏற்பாடு.

அன்று காலையிலிருந்தே நல்ல மழை. டிரைவர் வழியிலிருந்து போன் செய்தார். ஏரி நிரம்பித் தண்ணீர் ரோட்டின் மேல் போகிறது, கார் தாங்காது, திரும்புகிறேன் என்றார். நான் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன், இன்றைக்கு எடுக்காதீர்கள் என்று சொல்ல. எடுத்தாகிவிட்டது என்றாள் நர்ஸ். கார் வந்துகொண்டுதானே இருக்கிறது என்று எடுத்துவிட்டார்களாம். "ட்யூப் எங்கே?" என்று கேட்டேன். "உங்கம்மா வாங்கிக்கினு போய்ட்டாங்களே" என்றாள்.

அம்மாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அது தம்பியின் கட்டில்மேல் கிடந்திருக்கிறது. கடைசியில் அவன்தான் எடுத்தான். மூச்சு வாங்கியது. "அம்மா பஸ் ஏறிப் பூட்ச்சி யக்கா. சொல்லி நிறுத்த முடியுமா அத்த?" என்றான். இந்தப் பக்கம் வரும் பஸ் மேட்டுப்பாதையாகச் சுற்றிக்கொண்டு வந்தது, காரைவிட உயரம். பஸ்ஸால் வர முடிந்தது.

கேட்டில் செக்யூரிட்டி அம்மாவை நிறுத்திவைத்திருக்கிறார் என்று யாரோ வந்து சொன்னதும் ஓடினேன். அம்மா தொப்பலாக நனைந்திருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் திரும்பி நின்று ஜாக்கெட்டுக்குள் கையை விட்டு, கர்சீப்பில் சுற்றியிருந்ததை எடுத்து நீட்டினாள். அவள்மேல் காய்ந்திருந்தது அது ஒன்றுதான்.

"இந்தா புடி. ஒரு சொட்டு சிந்தல."

"கார் வர்ல, திரும்பிடுச்சும்மா. வேணாம்னு சொல்லத்தான் போன் போட்டேன்."

"அதான் வர்லியே. நர்ஸ் பொண்ணு இத்த கையில வெச்சிக்கினு முயிச்சிக்கினு கீது. டாக்டரம்மா இன்னா சொல்லிச்சு? ரத்தம் எடுத்துட்டா ஆறப்போடக் கூடாதும்மான்னு சொல்லிச்சா இல்லியா? குடும்மான்னு வாங்கிக்கினு வந்துட்டேன்." பிறகு என் முகத்தைப் பார்த்து, நான் பயந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, குரலைத் தணித்தாள். "ஆற வுடலடி. மார்லயே வெச்சிருந்தேன். சீட்டு கெடைச்சதும் கையில வெச்சி உருட்டிக்கினே வந்தேன். நர்ஸ் பொண்ணு அப்டித்தான் ஆட்டிச்சு, உறையக் கூடாதுன்னு. தொட்டுப் பாரு, எப்டி சூடா கீது."

தொட்டேன். சூடாகத்தான் இருந்தது. இப்போதுதான் அவன் கையிலிருந்து இறங்கியது போல அவ்வளவு சூடு.

ஆறப்போடாதே என்றால் தள்ளிப்போடாதே என்று அர்த்தம். அம்மாவுக்கு அது தெரியாமல் இல்லை. களை எடுப்பதானாலும் கல்யாணப் பேச்சானாலும் ஆறப்போடாதே என்று தினமும் சொல்கிறவள்தான் அவள். ஆனால் பெற்ற பிள்ளையின் ரத்தத்தைக் கையில் வாங்கிய நேரத்தில் அந்தச் சொல் அவளுக்குச் சூட்டைத்தான் சொல்லியிருக்கிறது. எங்கள் அப்பா போனபோது காலைத் தொட்டுப் பார்த்தவள் அவள். உடம்பு ஆறிப்போவது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும்.

 அவளுக்கு என்னுடைய மாற்றுத் துணியைக் கொடுத்து, கேன்டீனில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மேலே போனேன். எங்கள் ஆய்வகத் தலைவர் ட்யூபைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "தெரியும் சார். இருந்தாலும் போடறேன்" என்றேன். சரி என்று தலையாட்டினார். நல்ல மனுஷர்.

ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஒருவருடைய ரத்தம் வேண்டும். என்னுடையதையே எடுத்துக் குளிர்ச்சியில் வைத்துக்கொண்டேன். இரண்டையும் ஒரே மாதிரி பிரித்து, நிறுத்தி, கொழுப்பைத் தனியே எடுத்து இயந்திரத்தில் ஏற்றினேன். என்னுடையதில் அந்தக் கொழுப்பு தரையோடு தரையாக இருந்தது. தம்பியுடையதில் கோடு எழும்பி நின்றது. நான் சந்தேகப்பட்ட அதே உயரம். யாரும் கேள்வி கேட்க முடியாத விதத்தில் அந்தப் படம் வந்திருந்தால் அதை எடுத்துக்கொண்டு சென்னைக்கு ஓடியிருப்பேன்.

ஆனால் கேள்வி முதலில் எனக்கே வந்தது. அது அவன் பிறவியில் ஏறிய கொழுப்பா, அம்மா உருட்டி ஏறிய கொழுப்பா?

அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. மறுநாள் என் ரத்தத்தை இன்னொரு ட்யூபில் எடுத்துக்கொண்டு வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். பிறகு இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டினேன். உத்திரமேரூரிலிருந்து ஒரு பஸ் வந்து சேரும் நேரம் வரைக்கும் உருட்டினேன். போகிற வருகிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். அவ்வளவு நேரம் கையை நிறுத்தாமல் உருட்டுவது லேசில்லை, மணிக்கட்டு கடுத்துப்போகிறது. அம்மாவின் கைகளுக்கு நாற்று நட்டு நட்டு ஏற்கெனவே வலி உண்டு. மழையில், நனைந்த துணியோடு, பஸ் குலுக்கலில் அவள் உருட்டிக்கொண்டே வந்திருக்கிறாள் என்று நினைத்தபோது பெஞ்சிலேயே அழுதுவிட்டேன்.

அளந்து பார்த்தேன். என்னுடையதும் எழும்பியிருந்தது. தம்பியுடைய அளவுக்கு இல்லை, ஆனால் போதுமான அளவுக்கு. அவனுடைய படம் எதையும் சொல்லவில்லை என்று சொல்ல அது போதும்.

சென்னை டாக்டரிடம் இரண்டு படங்களையும் காட்டினேன். மறைக்க நினைக்கவில்லை. மறைத்து, தப்பான வைத்தியம் போய்ச் சேர்ந்தால்? அவர் நீண்ட நேரம் பார்த்தார். "அவரையே இங்கே கொண்டுவந்துவிடுங்கள். நம் கண் முன்னால் எடுத்து அளந்துவிடுவோம். அதுவரை இப்போது கொடுக்கும் மருந்து போகட்டும்" என்றார்.

தண்ணீர் வடிந்ததும் ஆம்புலன்ஸில் கொண்டுபோவதாக முடிவு. போவதற்கு முந்தின நாள் நான் ஊருக்குப் போனேன். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அம்மா இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். "துன்னு நைனா, இன்னும் ஒரு வாய்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணைச் சிமிட்டினான்.

"இன்னா யக்கா, அளந்தியா?"

"அளந்தேன்."

"எவ்ளோ கீது?"

"நெறைய கீது."

"அப்ப ஊர்க்காரன் சொன்னது கரெக்டு தான்" என்றான். சிரிப்பு வந்து, அது இருமலாகி, நெடுநேரம் நிற்கவில்லை. அம்மா அவன் நெஞ்சை நீவிக்கொண்டே என்னைத் திட்டினாள், அவனைச் சிரிக்கவைக்காதே என்று.

மறுநாள் ஆம்புலன்ஸ் வந்தது. வாலாஜாபாத் கூடத் தாண்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தான். பிடி எப்போது தளர்ந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அம்மா அவன் பாதங்களைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், வண்டி திரும்பி வீடு வந்து சேரும்வரைக்கும்.

என்ன நோய் என்று உறுதியாகாமலே போய்ச் சேர்ந்தான். காகிதங்களில் டிபி என்றுதான் இருக்கிறது. பிறவியிலேயே அவனுக்குள் யாரோ ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்களா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அதே கொழுப்பை வேறு யார் யாருடைய ரத்தத்திலோ இப்போதும் அளந்துகொண்டிருக்கிறேன். நன்றாக வருகிறது. நன்றாக வரும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மழை மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது.

கருமாதி முடிந்து, வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் போன பிறகு சில நாள் வீட்டில் இருந்தேன். ஒரு மத்தியானம் அம்மா வாசலில் உட்கார்ந்து ரேஷன் அரிசியை முறத்தில் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.  முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"ஏண்டி, அந்த ரத்தம் சரியா வர்லன்னு தான மறுபடியும் எடுக்கணும்னாங்க?"

நானும் முறத்துக்குக் கை நீட்டி ஒரு கல்லைப் பொறுக்கினேன். 

"செங்கல்பட்ல பஸ் மாறச்சொல்ல செம கூட்டம். ஏற முடியல. கம்பிய புடிச்சி ஏறணுமேன்னு அத்த எடுத்துப் பையில போட்டுட்டேன். கொஞ்ச நேரந்தான். சீட்டு கெடைச்சதும் எடுத்துட்டேன்." அவள் விரல்கள் அரிசியில் ஒரே இடத்தில் நின்றுவிட்டன. "அந்த நேரத்துல ஆறிப் பூட்ச்சாடி? அதனாலதான் மிஷின்ல ஒயுங்கா காட்டலியா?"

இத்தனை நாளாக அவள் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பாடையைத் தூக்கும்போதும், பால் தெளிக்கும்போதும், வந்தவர்களுக்குச் சோறு போடும்போதும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வழி முழுக்க அது பையிலேயே கிடந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நான் எத்தனையோ தடவை நினைத்ததுண்டு. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

"ஆறவே இல்லம்மா" என்றேன். "என் கைக்கு வரச்சொல்ல சூடா தான் இருந்துச்சு."

"நெசமா?"

"உம்மேல சத்தியமா. நான் தொட்டுப் பாத்தேன் இல்ல?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். அவன் போன நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அப்போதுதான் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். அழுகைக்கு நடுவில் அவள் கேட்டது எனக்கு முதலில் சரியாகக் கேட்கவில்லை. மறுபடி கேட்டாள்.

"அப்ப, நான் அவன் ரத்தத்த ஒயுங்கா தான கொண்ணாந்து சேத்தேன்?"

"ஒயுங்கா தான்மா கொண்ணாந்து சேத்த."